முன்பின் தெரியாதவள்

ஒரு காட்சிக்கு நாற்பது டொலர். சாப்பாடு மண்டபத்தில்.
விதிகளைக் காருக்குள் வைத்து ஒருமுறைதான் சொன்னார்:
என்ர வானுக்குப் பக்கத்தில் நிக்கப்படாது.
வித்தை நடக்கேக்கை உங்கட முகத்தை நான் பார்க்கமாட்டன்,
நீங்களும் என்னைத் தேடப்படாது.
ஒரே சனத்துக்கு முன்னால்
ஒரே சேலையை இரண்டு தரம் உடுக்கப்படாது.

கடைசி விதிதான் கடினம்.
ஸ்காபரோவில்
எது ஒரே சனம், எது வேறு சனம்?

சனிக்கிழமைகளில்
வெறும் என்வலப் ஒன்று தெரிகிறமாதிரிக் கைப்பையில் செருகி
பெயர் தெரியாத பிள்ளைகளின் பிறந்தநாளுக்குப் போவேன்.
எனக்கும் பன்னீர் தெளிப்பார்கள்.
தாய்பக்கத்தாருக்கு நான் தகப்பன்பக்கம்,
தகப்பன்பக்கத்தாருக்குத் தாய்பக்கம்.
பாதி வித்தை அங்கேயே முடிந்துவிடும்.
அதை அவர் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ரோல்ஸ் வரும். கேக் வரும். பிறகு
ஊதாக் கோட்டு மெஜிசியன் றெக்ஸ்,
திங்கள் முதல் வெள்ளி வரை
பொய்ப்பல் செய்யும் கூடத்தில் மெழுகு உருக்குகிறவர்.

"அந்த மூலையில், பச்சைச் சேலை அம்மா,
உங்களை எனக்கு முன்பின் தெரியுமோ?"
"தெரியாது."

அது முழுப் பொய்யுமில்லை.
அவர் வீடு எந்தத் தெருவில், வீட்டில் ஆர் ஆர்,
ஆறு வருடமாக எனக்குத் தெரியாது.

"அம்பத்திரண்டில் ஒண்டு. நினையுங்கோ. சொல்லுங்கோ."
நான் கூரையைப் பார்ப்பேன்.
ஆட்டின் என்று தொடங்கி, இல்லை இல்லையென்று தலையாட்டி,
"டயமன் ஏழு."

கேக் மேசைக்கு அடியில் முன்னமே ஒட்டிய கடித உறையைப்
பிறந்தநாள் பிள்ளை கிழிக்கும்.
டயமன் ஏழு.
கைதட்டுவார்கள்.
நானும் எனக்குக் கைதட்டுவேன், வியந்தவள்போல.

எத்தனை அல்பங்களில் இருக்கிறேனோ.
யாரோ விரல் வைத்து "இது ஆர்?" என்பார்கள்.
"உங்கட ஆக்கள்தானே."

பெப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்தொன்று.
பட்டுக்கரைகளில் பனி உருகி ஈரம்.
சாம்பவிக்கு ஐந்து வயது;
உறையைக் கையில் வைத்துக்கொண்டு துள்ளுகிறாள்.
"முன்பின் தெரியுமோ?"
"தெரியாது."

முன்வரிசையில் டை கோணிய பையன், சாம்பவியின் தமையன்,
எழும்பி நின்று சொன்னான்:
"இந்த ஆன்ரி ஆதிரன்ர பேர்த்டேக்கும் வந்தவா.
அண்டைக்கும் டயமன் ஏழு."

குளிர்பெட்டி இரைவது கேட்டது.
றெக்ஸ் என்னைப் பார்க்கவில்லை.
விதி.

"ஓம் தம்பி," என்றேன், என் குரல் எங்கிருந்தோ,
"அண்டைக்கு ஏமாந்தனான். இண்டைக்கு நான் சொல்லேல்லை,
நீ சொல்லு பாப்பம்."

ஐம்பத்தொரு வழிகளில்
அவன் எங்களைக் கவிழ்த்திருக்கலாம்.
என்னைப் பார்த்தான். ஊதாக் கோட்டைப் பார்த்தான்.
உறையின் விளிம்பில் ஏற்கெனவே நகத்தை வைத்துவிட்ட
தங்கையைப் பார்த்தான்.
ஆட்டின் என்று தொடங்கினான்
(என் நெஞ்சு ஒருதரம் நின்றது)
இல்லை இல்லையென்று தலையாட்டி,
"டயமன் ஏழு."

சாம்பவி கிழித்தாள். கத்தினாள்.
அந்த மண்டபத்தில் அப்படி ஒரு கைதட்டலை
நாங்கள் இருவரும் சேர்ந்து வாங்கியதில்லை.

கேக் வரிசையில் பக்கத்தில் வந்து நின்றான்,
முகத்தைத் திருப்பாமல்:
"எனக்கு எவ்வளவு?"

ஆறு வருடமாக வெறுமையாய்த் திரிந்த என்வலப்புக்குள்
ஐந்து டொலர் வைத்தேன்.

வாசலில் சப்பாத்துக் குவியல்.
குனிந்து என் சோடியைத் தேடும்போது
தாய் அவனிடம் கேட்பது கேட்டது:
"ஆரடா அந்த ஆன்ரி, தெரியுமோ?"

தலை நிமிராமல், லேஸைக் கட்டிக்கொண்டே
"தெரியாது" என்றான்.
என்னைவிடத் திறமாய்.